மாமனார் திதியும் மஞ்சள் பட்டையும்

பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் குணாளனுக்குக் குடி கிடையாது, சூது கிடையாது. இருப்பதெல்லாம் பறவைப் பைத்தியம். லீவு கிடைத்தால் சேற்றுக் கரையில் குப்புறப் படுத்து உள்ளான் குருவிகளைப் படமெடுப்பான். அவனுடைய லென்ஸ் முழங்கை நீளம். அதற்குப் பச்சைத் துணியில் சட்டை வேறு. "பெத்த புள்ளைக்குக்கூட இப்படித் தைச்சுப் போட்டதில்ல," என்பாள் மனைவி வாசுகி.

போன வாரம் பொந்தியான் கரையில், காலில் மஞ்சள் பட்டை மாட்டிய ஓர் உள்ளானைப் பார்த்துவிட்டான். பட்டையில் உள்ள எழுத்தைப் படமெடுத்துப் பறவை ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்பினால், அது எந்த நாட்டில் மாட்டியது என்று பதில் வரும். பாழாய்ப்போன எழுத்து மட்டும் படத்தில் விழவில்லை. அன்றிலிருந்து ஆளுக்குச் சோறு இறங்கவில்லை. கடல் தண்ணீர் ஏறிப் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்குவது இந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. அன்றைக்கென்று பார்த்து மாமனார் செல்லப்பனின் முதல் வருடத் திதி.

ஆள் என்ன செய்தான் தெரியுமா? "கோயில் கரையில ஒரே கூட்டம்லா. பொந்தியான்ல அமைதியா செய்யலாம்," என்று திதியையே இடம் மாற்றிவிட்டான்!

அப்பாவோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்து, அவர் போன பிறகு அழுது தீர்த்தவள் வாசுகி. காக்கை சோற்றைத் தொட்டால்தான் அவர் மன்னித்துவிட்டார் என்று நம்பியிருந்தாள். இலையில் சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். மரத்தில் இருபது காக்கை. ஒன்று இறங்கும், பாதியிலேயே அலறிக்கொண்டு திரும்பும். அரை மணி நேரம் இதே கூத்து.

"அப்பாவுக்கு இன்னும் கோவம் போகல," என்று அவள் உடைந்து அழுதாள்.

வயிற்றைக் கலக்குகிறது என்று புளுகிவிட்டு, புதருக்குப் பின்னால் லென்ஸோடு படுத்திருந்த குணாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. நகராட்சி ஆட்கள் அவ்வப்போது காக்கை சுட வரும் ஊர். நீளமாய் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் காக்கைக்கு அது துப்பாக்கிதான். அலமாக்! பழியை மாமனார் தலையில் போட்டுவிட்டுக் கம்மென்று கிடக்கலாம். செத்தவரா எழுந்து வந்து மறுக்கப் போகிறார்? ஆனால் அவள் அழுகை அவனுக்குத் தாங்கவில்லை.

எழுந்து போனான். "அப்பா இல்ல வாசுகி. நான்தான்," என்று இடம் மாற்றிய காரணம் வரைக்கும் கொட்டிவிட்டான்.

"நீங்கள்லாம் ஒரு மனுசனா? எங்கப்பா திதியிலயா குருவி பார்க்க வந்தீங்க?" லென்ஸைப் பிடுங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

காக்கைகள் இறங்கின. ஒன்று சோற்றைக் கொத்தியது. வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

அந்த நேரம் பார்த்து, கல்லெறி தூரத்தில், மஞ்சள் பட்டை உள்ளான் ஒய்யாரமாக நடந்து வந்தது. குணாளனின் கை பரபரத்தது. வாசுகி அதைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு லென்ஸை நீட்டினாள்.

"எடுத்துக்குங்க."

"வேணாம். மாமா சாப்பிடட்டும்."

மாமா அவசரப்படவில்லை. உயிரோடு இருந்தபோதும் ஒரு தட்டுச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற மனுஷன். அவர் பாதி இலையைத் தாண்டுவதற்குள் உள்ளான் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விட்டது.