பெரியப்பா வீட்டு நாய்க்கு வேலை இல்லை

மேடையில் தனியாக நின்று ஒரு மணி நேரம் பேசிச் சிரிக்க வைப்பது என் தொழில். போன ஆனி மாதம் அதைக் கேமராக்கள் வைத்துப் படமாக்கி இணையத்தில் வெளியிட்டார்கள். சென்னையில் அதற்குப் பெயர் ஸ்டாண்ட்-அப் காமெடி ஸ்பெஷல். எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் அதற்குப் பெயர், "அந்தப் புள்ள என்னமோ பேசியிருக்காம்ல."

படம் வருவதற்கு முன்பு எனக்குப் பயம் இருந்தது உண்மை. நான் எதையும் விட்டுவைத்திருக்கவில்லை. என் விவாகரத்து, சாமி, சாதிச் சங்கம், ஓட்டு, மாதவிலக்கு, இரண்டாம் கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தவரின் பல் செட் என்று எல்லாமே உள்ளே இருந்தது. வக்கீல் ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் தேவையாம்மா?" என்றார். தேவைதான் சார் என்றேன். எதிர்பார்த்தபடியே வெளியான அன்று சாயங்காலத்துக்குள் இணையத்தில் குடுமிப்பிடிச் சண்டை. ஒருவர் என்னைத் தடைசெய்யச் சொன்னார். இன்னொருவர் "துணிச்சலின் உச்சம்" என்று எழுதினார். இரண்டு பேருமே முழுப் படத்தையும் பார்க்கவில்லை என்பது எழுத்திலேயே தெரிந்தது.

ஊரிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. தாங்க முடியாமல் நானே தம்பிக்குப் போன் போட்டேன்.

"பாத்தாச்சுக்கா. எல்லாரும் பாத்தாக."

"என்னடா சொன்னாக?"

"பாட்டே இல்லையேன்னு கேட்டாக. படம் பூரா ஒரே சட்டையில வர்றியாம். சம்பளம் ஒழுங்காக் குடுக்குறாங்களான்னு அப்பா கேட்டாரு."

சாமியைப் பற்றி, சாதியைப் பற்றி, மாதவிலக்கைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹும். அவ்வளவு கஷ்டப்பட்டுத் திமிராகப் பேசியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகப் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்கூட வந்தது. அப்போதுதான் தம்பி இழுத்தான்.

"பெரியப்பாதான்க்கா... அந்த நாய் விசயம்."

அது என்ன விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அண்ணன் எங்கள் பக்கத்து வீடு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கோம்பை நாய் வளர்க்கிறார், ஒன்று போனால் இன்னொன்று. படத்தில் நான் பேசியது இவ்வளவுதான்:

"எங்க பெரியப்பா கோம்பை நாய் வளக்குறாக. காவலுக்குப் பேர்போன நாயி. ஆனா அது குலைச்சு நான் கேட்டதே இல்ல. வாசலுக்கு யாரு வந்தாலும், நாய் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பெரியப்பா குலைச்சு வெரட்டிர்றாக. அதுலயும் எந்தத் தெருக்காரன உள்ள விடணும், எவன வாசல்லயே நிப்பாட்டணும்னு நாய்க்குத் தெரியாது பாருங்க, அது பெரியப்பாவுக்குத்தான் தெரியும். அதுனால அந்த வீட்டுல நாய்க்கு வேலையே இல்ல. சும்மா சோறு திங்குது."

சென்னை அரங்கம் இந்த இடத்தில்தான் சிரிப்பில் இடிந்தது. சாதித் திமிரின் கன்னத்தில் விழுந்த அறை என்றார் ஒரு விமர்சகர். பெரியப்பாவுக்கும் வலித்திருக்கிறது, ஆனால் வேறு கன்னத்தில். தான் குலைப்பதாகச் சொன்னதை அவர் மறுக்கவே இல்லையாம். யாரை வாசலில் நிறுத்துவது என்று சொன்னதிலும் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. "கேலி பண்ண ஒரு மொற வேணாமா? இவ என்ன எனக்குக் கொழுந்தியாளா? மக மொறையில இருந்துக்கிட்டுப் பேசலாமா?" என்பதுதான் வழக்கு.

எங்கள் பக்கத்தில் கேலி என்பது முறை பார்த்துச் செய்கிற காரியம். மாமனும் மச்சானும் நடுத்தெருவில் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அதே வார்த்தையைப் பங்காளி வீட்டுப் பிள்ளை சொன்னால் அது வசவு. நான் பதினைந்து வருஷம் சென்னையில் இருந்து இதை மறந்துபோயிருந்தேன். படத்தில் என்னென்ன சட்டத்துக்கு உட்பட்டது என்று பார்த்த வக்கீலுக்கும் இது தெரியாது.

இத்தனைக்கும் பெரியப்பாவைப் பற்றி அரை நிமிஷப் பேச்சு. என் அத்தையின் வீட்டுக்காரரை, அதாவது கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் மாமாவை, நான் உரித்துத் தொங்கவிட்டிருந்தேன். மீசைக்கு மை பூசுவது, கார் வாங்கிப் போர்வை போர்த்தி நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் போவது, மூன்று கட்சிக் கரை வேட்டியையும் மடித்துத் தயாராக வைத்திருப்பது, எதையும் விடவில்லை. அவர் என்ன செய்தார்? மண்டி டிவியில் போட்டு, லாரி ஏற்றுகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "எம் மருமக என்னயக் கிழி கிழின்னு கிழிச்சிருக்கா பாருங்கடா! பாதிப் படம் நான்தான்!" என்று டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து மண்டி பாய் எனக்கே போன் போட்டு, "ஏம்மா, நானும் மீசைக்கு மைதான் பூசுறேன், என்னயப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே" என்று குறைப்பட்டார்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தம்பிக்குப் பரிசம், அதாவது நிச்சயதார்த்தம், ஆவணியில் வைத்திருந்தார்கள். அதுதான் சிக்கல்.

தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். சொந்தத் தோட்டம் இருக்கிறது, ஆனால் வேலை இல்லை என்பார்கள் பெண் வீட்டார். காலையில் ஐந்து மணிக்குப் பந்தலுக்குள் நுழைந்தவன் இருட்டிய பிறகு வெளியே வருவதெல்லாம் வேலைக் கணக்கில் சேராது. எத்தனையோ வீட்டில் காபி குடித்து எழுந்து வந்த பிறகு, சுருளிப்பட்டியில் ஒரு பெண், நர்ஸ் வேலை பார்க்கிற பெண், தோட்டத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றது. இரண்டு பேரும் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிவிட்டு வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பரிசத்தில் மாப்பிள்ளை பக்கம் மூத்த பங்காளிதான் தட்டு மாற்ற வேண்டும். மூத்தவர் உயிரோடு, அதுவும் பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு வரவில்லை என்றால் பெண் வீட்டார் எழுந்துவிடுவார்கள். பெரியப்பா அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "நான்தான் நாயாச்சே. நாயவா கூட்டிட்டுப் போயித் தட்டு மாத்துவீக?"

அப்பா எனக்குப் போன் செய்தார். "ஆத்தா, நீ வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரு."

போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை, சண்டை போட.

"என்னப்பா தப்பாச் சொல்லிட்டேன்? தண்ணி கேட்டு வந்தவனக்கூட அவுக வெரட்டலயா?"

"தப்புன்னு யாரு சொன்னா? அவரு குலைக்கிறது ஊருக்கே தெரியும். நீ சொல்லலாமா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் பொய் சொன்னேன் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட மல்லுக்கட்டியிருப்பேன். உண்மை, ஆனால் உன் வாயில் வரக் கூடாது என்றால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? தம்பி வேறு, "நீ யார்கிட்டயும் கேக்க வேணாங்க்கா. அந்தப் புள்ளகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அவன் கத்தியிருக்கலாம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் குத்தியது. "அம்மா உன் படத்துல அந்த நாய் எடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குதுக்கா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று தம்பி முன்பே போனில் சொல்லியிருந்தான். நான் பேசிவிட்டு சென்னைக்குப் போய்விடுவேன். பெரியப்பா வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் காலம் தள்ள வேண்டியது அவள்தானே என்று நினைக்க நினைக்க எனக்கு அவள் எதிரில் உட்காரவே முடியவில்லை.

மறுநாள் காலை மாமா வாழைத்தாரோடு வந்து இறங்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மை பூசிய மீசையைத் தடவினார்.

"ஏ மருமகளே, கேலியில குத்தமில்ல. சொன்ன ஆளுதான் குத்தம். ஆள மாத்திட்டா?"

"புரியல மாமா."

"நான் எழுதிக் குடுத்தேன், நீ பேசுனன்னு வச்சுக்குவோம். எம் மச்சான நான் நாய்னும் சொல்வேன், பேய்னும் சொல்வேன். அவரு என்னயக் கேக்க முடியுமா?"

அந்த அரை நிமிஷத்துக்காக நான் எத்தனை சின்ன மேடைகளில் நின்றிருப்பேன், எத்தனை முறை ஒருவரும் சிரிக்காமல் இறங்கியிருப்பேன் என்று இந்த மனிதருக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா? வார்த்தை வார்த்தையாக இழைத்த பேச்சு அது. அதைத் தூக்கி வாழைக்காய் மண்டிக்குக் கொடுக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மருந்தடிக்கிற டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி, கழுவுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி மாமா, நீங்களே எழுதுனதா இருக்கட்டும்" என்றேன்.

மாமா பக்கத்து வீட்டுக்குப் போனார். நாங்கள் சுவரோரம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு திடீரென்று பெரியப்பாவின் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்துப் பழக்கமில்லாததால் மிரண்டுபோய் நாய் குலைத்தது. அந்த வீட்டு நாய் குலைத்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

பெரியப்பா துண்டை உதறியபடி வந்தார். "அதான பாத்தேன்! பொட்டப்புள்ளைக்கு ஏது இம்புட்டு வெவரம்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மாமன் எழுதிக் குடுத்தா நீ பாட்டுக்குப் பேசிர்றதா? எழுதுனது இன்னாருன்னு சபையில சொல்ல வேணாமா?"

நான் தலையை ஆட்டினேன். பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

சுருளிப்பட்டியில் பரிசம் நடந்தது. பெரியப்பா தட்டு மாற்றினார். தம்பி அந்தப் பெண்ணைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். பந்தி முடிந்ததும் பெரியப்பாவே, "மாப்ள, அந்த நாய் கதையச் சொல்லுங்க" என்று மாமாவைக் கிளப்பினார். மாமா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எங்க மச்சான் வீட்டுல நாய் சும்மா சோறு திங்குது. ஏன்னா மச்சானே குலைச்சிர்றாக. அது கோம்பை நாயி!"

கடைசி வரியை முதலில் சொல்லி, முதல் வரியைக் கடைசியில் சொல்லி, நடுவில் இருந்த தெருக்காரன் சமாச்சாரத்தைச் சுத்தமாக விழுங்கிவிட்டார். கூடம் அதிர்ந்தது. பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணின் தாத்தாவுக்குப் புரையேறி, இரண்டு பேர் தலையில் தட்டினார்கள். என் வாழ்க்கையில் எந்த மேடையிலும் நான் இப்படிச் சிரிப்பு வாங்கியதில்லை. இதைப் படம் பிடித்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் ஆண்கள் முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் சமையலறைக்குள் போனேன். அம்மா காபிக்குப் பால் வைத்திருந்தாள். பெரியப்பா இருக்கும் இடத்துக்கு அவள் வரமாட்டாள். வீட்டுக்காரரின் அண்ணன் முன்னால் உட்காரவும் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கவும் கூடாது. அப்பா கடைக்குட்டி என்பதால் கேலி பேசக் கொழுந்தனும் அவளுக்கு இல்லை. மாமா அவளுக்கு அண்ணன் முறை.

"அண்ணன் கெடுத்துட்டாரு" என்றாள் அம்மா, பாலைப் பார்த்துக்கொண்டே.

"எத?"

"சோறு திங்குதுங்கறதக் கடைசியிலல்ல சொல்லணும். நீ படத்துல சரியாத்தான் சொன்ன."

நான் அவளையே பார்த்தேன். ஏதோ ஒரு கோடை மதியம், இதே அடுப்பு. இளநீர் வெட்ட வந்த ஆள் பக்கத்து வாசலில் தண்ணீர் கேட்கிறார், பெரியப்பா விரட்டுகிறார். அம்மா பின்கதவு வழியாக ஒரு செம்பைக் கொடுத்துவிட்டு வந்து, புளியைக் கரைத்தபடி, பள்ளிக்கூடப் பையோடு நின்ற என்னிடம் ஏதோ சொன்னாள். நான் சிரித்துப் புரண்டேன். என்ன சொன்னாள் என்பது இப்போது வார்த்தை பிசகாமல் ஞாபகம் வந்தது. நான் இழைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த வார்த்தைகள்தான்.

"ஏம்மா... அது நீ சொன்னதா?"

"பின்ன யாரு, வாழைக்காய் மண்டியா?"

"இத்தன நாள் ஏன் சொல்லல?"

"எந்த மொறையில சொல்ல?"

மாமாவை நினைத்து நான் கடித்த பல்லெல்லாம் இப்போது என்னைப் பார்த்து இளித்தது. "அந்த எடத்தையே திரும்பத் திரும்பப் பாத்தியாமே, தம்பி சொன்னான். மனசு நொந்து போயிட்டியோன்னு நெனச்சேன்மா."

"உன்னய எங்கடி பாத்தேன்? நீ சொல்லி முடிச்சதும் அம்புட்டுச் சனமும் சிரிக்குதுல்ல. அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

முன்கூடத்துக்கு யாரோ புதிதாக வந்திருந்தார்கள். மாமா மறுபடியும் தொண்டையைச் செருமுவது கேட்டது. அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். நானும் போய் நின்றேன். மாமா இந்தத் தடவையும் முடிவை முதலில் சொல்லிக் கெடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.