பயந்த ஆட்டின் மூளை

நான்காம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் எண்பதுகளில் செஞ்சியில் என்னைப் போல் கத்தி பிடித்தவன் கிடையாது. ஒரே மூச்சில் ஆறு ஆடு அறுப்பேன்.

ஒரு நாள் பட்டணத்திலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஐஸ் பெட்டியோடு வந்தாள். அறுத்த கையோடு ஆட்டு மூளை வேண்டுமாம். என் வித்தையைக் காட்ட, ஆடுகளை வரிசையாகக் கட்டி ஒன்றின் கண்முன்னே மற்றதை அறுத்தேன். கடைசி ஆடு கதறிக் கயிற்றை இழுத்தது. அதன் மண்டையைப் பிளந்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "இது ஆவாது பாய். மூளை ரத்தக்குழாய் மேல இருக்குற நரம்பு, பயந்தா மருந்து மாதிரி ஒரு சரக்க வெளிய விடும். அதே நரம்புல இருக்குற இன்னொரு சரக்கு, போதும்னு அத அடக்கும். எவ்ளோ அடக்குதுன்னு அளக்கத்தான் வந்தேன். நீங்க பயமுறுத்தி முன்னாடியே அத்தனையும் வெளிய விட வெச்சு கெடுத்துட்டீங்க. என் வேல போச்சு."

"செத்த மூளைக்கு இன்னா பயம்?" என்று சிரித்தேன்.

"உயிரோட பட்டது அதுல இருக்குது பாய்."

ஒன்று பார்க்க இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னைப் பெற்ற அத்தா என்னிடம் கத்தியைக் கொடுத்தார். வேகத்துக்காக நான் அதை மீறியிருந்தேன்.

மறுவாரம் அவள் திரும்பி வந்தபோது ஓர் ஆட்டைத் தனியே மறைவுக்குக் கூட்டிப்போய், தண்ணீர் காட்டி அறுத்தேன். அந்த மூளையை வாங்கிக்கொண்டாள்.

பெருமை பேச எனக்கு எவ்வளவோ உண்டு. அந்தக் கடைசி ஆடு பார்த்ததை மட்டும் இன்றுதான் சொல்கிறேன்.