கோமதியின் கையில் விழாத தழும்பு

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

கோமதி போய்விட்டாள். இதற்குள் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் யாரும் சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் நிற்கும் வளவில், அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கே யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போது அவள் அப்பா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒப்பாரி இல்லை, சங்கு இல்லை. அந்த அமைதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“அழக்கூடாதுட்டீ. ஆத்தா அம்மையா வந்து கூட்டிட்டுப் போன பிள்ளைக்கு அழுதா அவளுக்குக் கோவம் வரும். அடுத்தாப்ல நம்ம வீட்டுக்குத்தான் வருவா. பேரக்கூட எடுக்காத.”

நான் அழவில்லை. அவளைப் பெற்ற அம்மாவும் அழவில்லை. என் பக்கத்தில் மூன்று வயதுத் தம்பி தூங்குகிறான். அவனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விளக்குத் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அவள் பெயரை வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதினால் ஆத்தாளுக்குக் கேட்காது என்று நினைக்கிறேன்.

கோமதிக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: இதை முதலில் செய்தது யார்? எங்கள் அம்மாக்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, வளவில் யார் வீட்டில் அடுப்பு முதலில் எரிகிறதோ அங்கே போய்ச் சிரட்டையில் நெருப்பு வாங்கி வருவார்களாம். இப்போது அடுப்பங்கரையில் தீப்பெட்டி இருக்கிறது. அதைக் காதருகே ஆட்டிக்கொண்டு கோமதி ஒருநாள் சொன்னாள்: “ஏட்டி, தீயப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள அடைச்சவன்னு ஒருத்தன் இருந்திருப்பாம்லா? மொதக் குச்சிய உரசையில மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருப்பான். எதையும் மொதல்ல செஞ்சவன் பயந்துக்கிட்டேதான் செஞ்சிருப்பான்.”

“அவன் அம்மா ஏசியிருப்பா” என்றேன்.

“சவத்து மூதி, வீட்டக் கொளுத்தப் பாக்கியான்னு வெளக்குமாத்த எடுத்திருப்பா” என்று சிரித்தாள்.

பால்காரப் பெண்களின் கதையை டீச்சர் சொன்ன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரர் சீமையில் மாட்டு மடியில் கொப்புளம் வருமாம். கறக்கிற பெண்களின் கையிலும் அது தொற்றுமாம். அப்படித் தொற்றியவர்களைப் பெரிய அம்மை தீண்டாது என்று அவர்களே பேசிக்கொள்வார்களாம். அந்தப் பேச்சைத் தள்ளிவிடாமல் கேட்ட ஒரு வைத்தியர், கொப்புளத்து நீரை ஒரு பையனின் கையில் கீறி வைத்துப் பார்த்தாராம். அம்மை குத்துவது அப்படித்தான் வந்ததாம். நாமெல்லாம் வாயைப் பிளந்து கேட்டோம். கோமதி மட்டும் எழுந்து, “அத மொதல்ல சொன்ன பால்காரம்மா பேரு என்ன டீச்சர்?” என்றாள். டீச்சருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் எங்கள் வளவுக்குப் பால் ஊற்ற வந்த அத்தையின் கையை இவள் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என் கையில என்னத்தடீ தேடுத? உனக்கு மாப்பிள்ளை எங்கன இருக்கான்னு உன் கையில போய்ப் பாரு” என்று அத்தை பால் ஊற்றச் செம்பை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கோமதி என் சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். எனக்கு இரண்டு தழும்பு. அவள் கையில் ஒன்றும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் குத்தியிருந்தது.

அந்த நாளைச் சொல்ல வேண்டும். அதுவரை எங்கள் வளவில் யாரும் குத்திக்கொண்டதில்லை. குத்திவிட்டுச் சர்க்கார் ஆள் தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, சாம்பல் தொட்டு, குத்திய இடத்தைத் தேய்த்துக் கழுவினார்கள். “குத்தினது குத்தினதுதான். மாட்டுச் சீழு பிள்ளை மேல எதுக்கு?” என்றார்கள். இருந்தது ஒரே பழம். கோமதியின் வீட்டில் தொடங்கியது. என் முறை வருவதற்குள் வெறும் தொலிதான் மிச்சம். அதற்குள் அப்பா தாலுகா கச்சேரி வேலையிலிருந்து வந்துவிட்டார். அம்மா சாம்பலை மறைத்துவிட்டாள். என் கை பொங்கிக் காய்ச்சல் வந்தது. கோமதி ஓடியாடித் திரிந்தாள். மறுவாரம் குத்தியது பொங்கியிருக்கிறதா என்று அந்த ஆள் பார்க்க வந்தபோது, கோமதி திருச்செந்தூருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள்.

தழும்பு இல்லாத கையைத் தடவிக்கொண்டு கோமதி சொன்னாள்: “மருந்தே அந்தத் தண்ணிதானேட்டீ. அதத்தான் கழுவிட்டாங்க.” மறுபடி குத்த வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். “ஒருதரம் குத்தினவளுக்கு இன்னொருதரம் எதுக்குளா?” என்று பதில் வந்தது. குத்துகிறவர் அடுத்த முறை வந்தால் தானே போய்க் கை நீட்டுவேன் என்றாள். அவர் வருமுன் அம்மை வந்துவிட்டது.

நாளைக் காலை அவர் எங்கள் வளவுப் பிள்ளைகளுக்குக் குத்த வருகிறார். தம்பிக்கு இன்னும் குத்தவில்லை. இரவு சாப்பிடும்போது அம்மா, “அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் குத்தித்தான் இருந்துச்சு. என்ன ஆச்சு?” என்று கேட்டாள். “கச்சேரியில வேல பாக்குதவன் வீட்டுல பிள்ளைய ஒளிச்சு வைக்க முடியாது. காட்டித்தான் ஆவணும்” என்று மட்டும் அப்பா சொன்னார். அம்மா சரி என்று தலையாட்டினாள். பிறகு அடுக்களை மாடக்குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தாள்.

அந்தப் பழம் இப்போது என் மடியில் இருக்கிறது. அதை ஒளித்தால் மட்டும் போதாது என்று தெரியும். வளவில் வேறு பழம் இருக்கும், சாம்பலும் இருக்கும். அதனால் காலையில் அம்மாவை உள்ளே அழைத்து, கோமதியின் பெயரைச் சொல்லி, கழுவியதால் வந்தது இது என்று சொல்லப்போகிறேன். ஆத்தாளை நினைத்தாலும் பயம், அம்மாவை நினைத்தாலும் பயம். நீங்களும் உங்கள் வீட்டில் பையச் சொல்லுங்கள். கோமதியின் அம்மாவுக்கு மட்டும் இது தெரியவே வேண்டாம்.

முதலில் செய்தவன் பயந்துகொண்டேதான் செய்திருப்பான் என்று அவள் சொன்ன சொல் என்னிடம் இருக்கிறது. அவள் கையில் பிழிந்து தீர்ந்த பழத்தால் எனக்குக் கிடைத்த இரண்டு தழும்பும் இருக்கின்றன. நாளை தம்பியின் கையை நான்தான் பிடித்துக்கொள்வேன். குத்தும்போது அவன் வீறிட்டு அழுவான். குழந்தை அழுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். அவன் சத்தத்தோடு சேர்ந்து நானும் கோமதிக்காக அழுதுகொள்வேன்.