எரிந்த படப்பு

இன்று காலை ஆறரை மணிக்கு மேலகரத்தில் வைக்கோல் எரிந்த வாடை வந்தது. பக்கத்து வயல்கார அண்ணாச்சியின் வைக்கோல் படப்புக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் களத்திலும் இதே வாடை. ஈரச் சாம்பலை மாடுகள் முகர்ந்துவிட்டு விலகின. தீ வைத்தது தான்தான் என்று சுடலைமுத்து டீக்கடையில் சொல்லிவிட்டார். வருஷந்தோறும் எங்கள் படப்பை அடுக்குபவர் அவர். அவர் அடுக்கினால் குற்றாலச் சாரல் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அந்த வருஷம் அப்பா அவரிடம் சொல்லாமலே வேறு ஆளை வைத்து அடுக்கியிருந்தார்.

அப்பா போலீஸுக்குக் கிளம்பினார். அம்மா மறித்தாள்.

"அவனை உள்ள தள்ளிட்டா அடுத்த படப்புக்கு யாரு காவல்? பதினஞ்சு வருஷமா அடுக்குதவன்ட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அதுக்குத் தீ வைப்பானா?"

"வச்சது தப்புதான். அவன் வீட்டுக்குப் போயி அவன்ட்டயே கேளுங்க. நீங்க செஞ்சதையும் சொல்லுங்க."

அப்பா போனார். மறுநாள் சுடலைமுத்து தன் வீட்டு வைக்கோலில் நான்கு கட்டு கொண்டுவந்து மாடுகளுக்குப் போட்டார். அடுத்த அறுவடைக்கு அப்பாவே நேரில் போய் அவரை அழைத்தார். அதன்பின் எங்கள் படப்பு எரியவில்லை.

"நாலு பக்கமும் கேமரா வைக்கப் போறேம்மா" என்றார் இன்று அண்ணாச்சி.

"வைங்க அண்ணாச்சி" என்றேன். "இந்த வருஷம் யாரைக் கூப்பிடாம விட்டீங்க?"

அவர், தன் படப்பை வழக்கமாக அடுக்குபவர் குடியிருக்கும் கீழத்தெருப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.