பெருவிரல் கட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் மலையம்மாள் வாயிலிருந்து ஒரு பொய் வந்து யாரும் கேட்டதில்லை. சாமி விளக்கின் முன் உட்கார்ந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1938. சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் மதுரையில் காலரா கண்டது. வைகைக் கரையில், ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு நோயாளிகளை வைத்திருந்தார்கள். மேலூர்ப் பக்கத்து இளம் விதவையான மலையம்மாள் நர்ஸ் வேலைக்கு வந்து அன்று மூன்றாவது நாள்.

பெரிய நர்ஸ் சாவித்ரிதான் அவளுக்கு வேலை பழக்கினாள். ஊசி பிடிக்க, நாடி பார்க்க, செத்தவர்களின் கால் பெருவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்ட. அன்று காலை பத்து மணிக்குள் ஏழு பேர் போனார்கள். ஏழு பேருக்கும் மலையம்மாள்தான் கட்டினாள். கடைசியாகப் போனவள் இருளாயி. அவள் மகள் தங்கப்பொண்ணு ஒருத்திதான் கொட்டகையில் மிச்சம். தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து உப்புத் தண்ணீர் அவள் கை நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊசி நழுவினா இந்தப் பொண்ணு பிழைக்க மாட்டா. பிடிச்ச கையை விட்டுடாதே," என்று சொல்லி, தன் கடிகாரத்தையும் கொடுத்துவிட்டு, சாவித்ரி மருந்து வாங்க டவுனுக்குப் போனாள்.

காவல்காரன் முத்திருளன் ஏழு உடல்களையும் வண்டியில் ஏற்றினான். சொந்தக்காரர்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று, அவன் வெளியே போகும்போதெல்லாம் கதவைப் பூட்டிவிடுவது வழக்கம். அன்றும் பூட்டினான்.

"இந்த வெயிலுக்குப் பேய்கூட வெளிய வராது, பயப்படாத தாயி. மூணு மணிக்கு வாரேன்."

அப்போது மணி பதினொன்று.

சன்னல்களில் கம்பி. மேலே கொதிக்கும் தகரம். காக்கைகூடக் கத்தாத உச்சிப் பொழுது.

12.10. கொட்டகையின் அந்தக் கோடியில் ஒரு சத்தம்.

தொப்.

நின்றது. மறுபடியும்... தொப்.

பூனை என்று நினைத்தாள். பூனை இவ்வளவு கனமாக விழாது. மனிதர் நடந்தால் ஒரு கால், மறு கால் என்று கேட்கும். இது இரண்டு காலும் சேர்ந்து விழும் சத்தம்.

தொப்... தொப்...

கட்டில்களுக்கு நடுவே யாரும் இல்லை. தரையில் மட்டும் வெள்ளையாகத் தடம் விழுந்தது. ஒட்டிக்கொண்ட இரண்டு பாதங்கள்.

ஓடலாம். கதவில் பூட்டு. கையை எடுத்தால் தங்கப்பொண்ணு போய்விடுவாள்.

12.17. தடம் அவள் முக்காலி அருகே வந்து நின்றது.

தங்கப்பொண்ணு கண் திறக்காமலே முனகினாள். "ஆத்தா..."

மலையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் குழியில் இறக்கும் முன் கால் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இங்கே வண்டியில் போனவர்களுக்கு யார் அவிழ்த்தது?

இடது கை ஊசியில். வலது கையால் இடுப்பில் தொங்கிய கத்தரியை எடுத்தாள். அழகரை நினைத்துக் கண்ணை மூடினாள். குனிந்து, வெறுங்காற்றில் கையை நீட்டினாள்.

சில்லென்று ஒரு விரல்.

"தெரியாம விட்டுட்டேன் ஆத்தா. உன் மகளை நான் பாத்துக்கிறேன். நீ நிம்மதியாப் போ."

நறுக்.

ஒரு கால்... மறு கால்...

மெல்லக் கதவுவரை நடந்து தேய்ந்தது.

மூன்று மணிக்குப் பூட்டு திறந்தது. தங்கப்பொண்ணின் நாடி சீராக ஓடியது. மலையம்மாளின் உள்ளங்கையில் வெட்டிய துணி இருந்தது. அதில் ஈரச் சுண்ணாம்பு.

முத்திருளன் அதைப் பார்த்தான்.

"பன்னெண்டுக்கு முந்தியே ஏழு பேரையும் குழியில போட்டு, சுண்ணாம்பு கொட்டி, மண்ணை மூடிட்டேன் தாயி. யாருக்கும் கட்டு அவுக்கல."

மறுநாள் உச்சியிலும் மலையம்மாள் உள்ளே இருந்தாள். மடியில் கத்தரியோடு.

பிற்காலத்தில் அவளே பெரிய நர்ஸ் ஆனாள். புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்லுவாள்: "போறவுகளுக்கும் ஒரு உபகாரம் செய்யணும் தாயி. கட்டுனவதான் அவுக்கணும்." சிரிக்கும் பெண்களிடம் கோபப்பட மாட்டாள். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டுவாள்.

எனக்கும் காட்டினாள்.

சுண்ணாம்பு காய்ந்த துணித் துண்டுகள்... ஏழு.