ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய பெண்

ஜவுளிக்கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசர் என்றால், முதலாளி தன் வாயால் சொல்லக் கூச்சப்படுவதையெல்லாம் சொல்கிற ஆள். இந்த வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சேர்ந்த அன்று

தாம்பரத்தில் எங்கள் கடை. சேலைப் பிரிவுக்கு ஷபானாவை அவள் அம்மா கூட்டிவந்தார். பதினாறு வயசு. பத்தாவதோடு நின்றவள், தனியாகப் படித்து ப்ளஸ் டூ எழுத ஆசை. பின்தெரு டுடோரியலில் ஏழரைக்கு வகுப்பு.

பதினெட்டு ஆகாதவர்களை ஏழு மணிக்கு மேல் வேலையில் வைத்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சட்ட போர்டைச் சுவரில் மாட்டியதே நான்தான். அம்மா அதைப் படிக்கவில்லை. "ஏழு மணிக்கு அனுப்பிடுங்க சார், வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

ஆடித் தள்ளுபடி

ஆடியில் ஏழு மணிக்குத்தான் கூட்டமே வரும். "இன்னிக்கு மட்டும்மா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி வரை வந்தவள், சேலைப் பிரிவுக்கே திரும்பிப் போவாள். வகுப்பு தவறிக்கொண்டே இருந்தது.

அவளோடு நிற்கும் சேல்ஸ்கேர்ள் கலா அக்கா ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்க பொண்ண டியூசனுக்கு நீங்களே வண்டில இட்டுகினு போறீங்க இல்ல சார்?"

திடீர்ச் சோதனை

ஒருநாள் இரவு எட்டு மணிக்குத் தொழிலாளர் துறைப் பெண் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். இதற்கு எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி, கஸ்டமராக உட்கார வைத்துவிடுவோம். ஷபானாவை உட்கார வைத்துக் கையில் கூல்ட்ரிங்ஸ் கொடுத்தேன். கலா அக்கா அவள் முன்னால் சேலைகளை விரித்துப் போட்டார்.

அந்த அதிகாரி வந்து நின்றபோது, ஷபானா விரித்த சேலைகளை எங்கள் கடை மடிப்பிலேயே மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பயத்தில் கை பழக்கப்பட்ட வேலையைச் செய்துவிட்டது. வயசு கேட்டார். பாவம், வேலை போய்விடுமோ என்று என்னைப் பார்த்துக்கொண்டே "பதினாறு" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"இந்த வயசுல இங்க வேலை பாக்கலாம் சார், யாரும் தடுக்கல. நேரத்துக்கு அனுப்பத்தான் சொல்றோம்" என்றார் அதிகாரி. ஆறரைக்கு விட்டுவிடுவதாக முதலாளியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆறரை

நானே போய், "கெளம்பும்மா" என்றேன். ஷபானா பையை எடுத்தாள், மாடிப்படியில் நின்று திரும்பினாள். கேலியே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "சார், இன்னிக்கு மட்டுமா, இல்ல தெனமுமா?"

தினமும்தான் போகிறாள், ஆனால் அந்த ஆறரை மணிக்கு மட்டும் எனக்கு எப்படியோ குடோனில் ஒரு வேலை வந்துவிடுகிறது.