எங்கம்மாவுக்குக் கிடைத்த பரிசு

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹார் ஃப்ளாட்டின் பால்கனியில், முதுகில் வெயில் பட உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். டெல்லிக் குளிரில் மனுஷனுக்குக் கிடைக்கிற பெரிய சுகம் அதுதான், வந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். அப்போது பார்த்து போனில் ஒரு செய்தி. வெளியான கட்டுரைத் தொகுப்புகளுக்குப் பரிசாம், பிரதிகள் அனுப்பலாமாம். அனுப்பிய நண்பர் கீழே, "நீங்களும் அனுப்புங்க சார், ஜல்தி" என்று எழுதியிருந்தார். பாவம், அவருக்குத் தெரியாது. அந்தப் பரிசின் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அது ஏற்கனவே எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது, ஜனக்புரிக்குப் போய்விட்டது.

ஆரஞ்சுத் தோல் என்றால் எனக்கு அம்மா. கோல் மார்க்கெட் பக்கம் அப்பாவுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குளிர்காலம் முழுக்க வாசலில் அங்கீட்டி புகையும். இரும்பு வாளியில் மண் பூசிய கரியடுப்புதான், வேறொன்றுமில்லை. கரி கனிந்ததும் உள்ளே தூக்கி வந்து, அம்மா அதில் ஆரஞ்சுத் தோலைப் போடுவாள். "குளிரு மூக்கு வழியாத்தான்டா வரும். மூக்கை ஏமாத்திட்டாப் போதும்" என்பாள். எனக்கு வேலை கிடைத்த வருஷம், அதே குளிரில் போய்ச் சேர்ந்தாள். யமுனைக் கரையில் எரித்துவிட்டு வந்து, அழக்கூடத் தெரியாமல், அவளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எழுத்தாளன் ஆகிவிட்டதாக நினைப்பு வேறு.

அதைப் போட்டது எங்கள் தமிழர் வட்டத்தின் சிறு பத்திரிகை. ஆசிரியர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கதைக்கும் கவிதைக்கும் பேர் போடுவார். எங்களைப் போன்ற பொடியன்கள் எழுதும் கட்டுரைக்குப் போடமாட்டார். கேட்டால், "எடம் இல்லப்பா. அது ஒன்னதுன்னு ஒனக்குத் தெரியும்லா?" என்பார். எனக்குத் தெரியும் என்பதால் நானும் பல்லை இளித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பத்திரிகை நின்று, என்னிடமிருந்த பிரதியைக் கரையான் தின்று, எனக்கும் தலை நரைத்த பிறகு அண்ணாச்சியின் கட்டுரைத் தொகுப்பு வந்தது. பேர் இல்லாமல் வந்ததையெல்லாம் வாரிப் போட்டிருந்தார். நடுவில் எங்கம்மா. அங்கீட்டி, ஆரஞ்சுத் தோல், யமுனைக் கரை, ஒரு எழுத்து மாறவில்லை. அந்தத் தொகுப்புக்குப் பரிசும் அறிவித்துவிட்டார்கள். உடனே போன் செய்தேன்.

"அண்ணாச்சி, அது எங்கம்மா."

"பேர் போடாம வந்ததெல்லாம் ஆசிரியர் எழுதுனதுதாம்ப்பா. பத்திரிகை வழக்கம் அப்படி. ஒங்கிட்ட காப்பி இருக்கா?"

இல்லை என்று அவருக்கும் தெரியும்.

போனை வைத்தேன். பிறகுதான் ஒரு விஷயம் சுரீரென்று உறைத்தது. செத்தது எங்கம்மா. அண்ணாச்சியின் அம்மா, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஜனக்புரியில் மகன் வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்!

விழா அன்று அண்ணாச்சியும் மனைவியும் கிளம்பிப் போனபின் அங்கே போனேன். "எம்மவனுக்குப் பரிசு குடுக்காவளாம். என்னியக் கூட்டிட்டுப் போமாட்டேங்கான். கூட்டம் எனக்கு ஒத்துக்காதாம்" என்று பெரியம்மா மூக்கைச் சிந்தினார். "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றேன். பட்டுச் சேலை உடுத்தி வந்தார். மெட்ரோவில் மடியிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். வண்டியில் எதையும் தின்னக்கூடாது, தின்றேன். மனசு மட்டும் துளி இளகவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை.

முன்வரிசையில் உட்காரவைத்தேன். மேடையில் அண்ணாச்சி சால்வையோடு எங்கம்மாவை வாசித்தார். நல்ல வாசிப்பு, சும்மா சொல்லக்கூடாது. மூக்கை ஏமாற்றும் வரிக்குக் கைதட்டல். யமுனைக் கரை வந்ததும் குரலைத் தழுதழுக்க விட்டார். "என் தாயின் சிதைக்கு இந்தக் கையால் தீ வைத்தேன்."

பெரியம்மா எழுந்துவிட்டார்.

"ஏலே சங்கரா, நான் எப்பலே செத்தேன்?"

சபை கொல்லென்று சிரித்தது. அண்ணாச்சி மைக்கைப் பொத்தினார். "அம்மா, உக்காருங்க. இது இலக்கியம்."

"அப்போ எரிச்சது யாரலே?"

நான் எழுந்தேன். "எங்கம்மாவ, பெரியம்மா." அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பரிசைத் திருப்பி வாங்கவெல்லாம் இல்லை. நடுவர் ஒருவர், படைப்புச் சுதந்திரம் என்று ஏதோ பேசி மழுப்பிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து டெல்லித் தமிழர்களிடையே அவர் பேர் 'அம்மாவை எரிச்ச அண்ணாச்சி'. அதைப் பரப்பியதில் என் பங்கு சின்னதில்லை. கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்தால், நாலு இலை தள்ளி நின்று, "அம்மா சௌக்கியமா அண்ணாச்சி?" என்று சத்தமாகக் கேட்பேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். அடடா, அந்த ருசி எந்தப் பாயசத்திலும் வராது! கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்கே போய்விட்டார். பெரியம்மா அங்கேதான் நிஜமாகவே காலமானார். மகன் ஒரு வரி எழுதவில்லையாம். எப்படி எழுதுவார், ஒரு தடவை எரித்தாகிவிட்டதே? நன்றாக வேண்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். புகை என்று அங்கீட்டியும் போய், வீட்டுக்கு வீடு ஹீட்டர் வந்துவிட்டது. அதன்மேல் ஆரஞ்சுத் தோலை வைத்துப் பார்த்தேன், ஒரு வாசனையும் வரவில்லை. என் தொகுப்பும் போன வருஷம் வெளிவந்தது, நண்பர் சொன்னபடி அனுப்பலாம்தான். அதில் டெல்லி இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது. அம்மாவையும் மறுபடி உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தேன். பதிப்பாளர் படித்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், இது பரிசு வாங்கின கட்டுரையாச்சே. நீங்க அதைப் பாத்து எழுதினதாச் சொல்லிடுவாங்க. வேண்டாமே."

எடுத்துவிட்டேன்.